மாண்டேகுவின் இன்னொரு ஆகஸ்ட்

வரலாற்று வாத்தியாரிடம் வரும் கேள்விகளில் பாதி செய்தித்தாளிலிருந்து வரும், மீதி வாட்ஸ்அப்பிலிருந்து வரும். பாடப்புத்தகத்திலிருந்து கேள்வி வருவதெல்லாம் தேர்வுக்கு முந்தின வாரம்தான். அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின், ஆரணியில் ஒரு பட்டுக்கடை மாடியில் குரூப் 2, குரூப் 4 எழுதும் பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், அரிசி மில்லில் வேலை செய்பவரின் மகன், செய்யாறு சிப்காட்டில் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வகுப்புக்கு வரும் பெண்கள். 2023 அக்டோபரில் காஸா போர் தொடங்கியதும் இவர்கள் அத்தனை பேர் போனிலும் இஸ்ரேல் வந்துவிட்டது. ஒருவன் போனில் வந்த வரலாற்றுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் போனில் வந்த வரலாற்றுக்கும் ஊர்ப் பெயர்களைத் தவிர வேறு ஒற்றுமை கிடையாது.

"சார், நீங்களே சொல்லுங்க, யார் பக்கம் நியாயம்?"

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்கிற வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு மேடைக்குப் போகலாம். "சிலபஸ்ல இல்லைப்பா" என்று தள்ளிவிடுகிறவர் அதைவிட மோசம். ஏனென்றால் சிலபஸில் இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில், யூதர்களுக்கென்று ஒரு நாடு தேடிய சியோனிச இயக்கம் பற்றி ஒரு சிறு பகுதி வருகிறது. 1896இல் தியோடர் ஹெர்சல் புத்தகம், 1917இல் பால்ஃபர் அறிக்கை, 1948இல் இஸ்ரேல். மூன்று ஆண்டுகள், மூன்று ஒரு மதிப்பெண் வினாக்கள். நானும் பள்ளியில் அப்படித்தான் நடத்தினேன். நாற்பது நிமிஷ பீரியடில் வேறு எப்படி நடத்துவது?

ஆனால் எனக்குள் அந்த விஷயம் மூன்று ஆண்டுகளோடு நிற்கவில்லை. திருவல்லிக்கேணி நடைபாதைப் புத்தகக் கடை ஒன்றில் ஆர்தர் ஹெர்ட்ஸ்பெர்க் 1959இல் தொகுத்த 'சியோனிசக் கருத்து' என்ற தடிமனான ஆங்கிலத் தொகுப்பு கிடைத்தது. சியோனிசம் பேசியவர்களின் சொந்த எழுத்துகளையே வரிசையாக வைத்த நூல். ஒரே குரலில் ஒரு கட்சி அறிக்கை மாதிரி இருக்கும் என்று நினைத்துப் பிரித்தால், உள்ளே அடிதடி. ஒடெசா நகரத்து டாக்டர் லியோன் பின்ஸ்கர், 1881இல் ரஷ்யாவில் யூதர்களைத் தாக்கிய கலவரங்களைப் பார்த்துவிட்டு மறு ஆண்டு எழுதுகிறார்: மற்றவர்களோடு கரைந்து போனால் பிரச்சினை தீரும் என்று நம்பியது வீண், நமக்கென்று ஒரு நிலம் வேண்டும். அந்த நிலம் பாலஸ்தீனமாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் அடம்பிடிக்கவில்லை. ஹெர்சலும் அப்படித்தான். 1903இல் பிரிட்டன் கிழக்கு ஆப்பிரிக்காவில் இடம் தருகிறேன் என்றபோது அதை சியோனிச மாநாட்டின் முன் வைத்தவரே அவர்தான். சபை இரண்டுபட்டது, ரஷ்யாவிலிருந்து வந்த பிரதிநிதிகள் எழுந்து வெளியே போனார்கள். எந்த ஊரில் கலவரத்துக்கு ஆளானார்களோ அந்த ஊர்க்காரர்களே, தப்பிக்கக் கிடைத்த இடத்தை வேண்டாம் என்றார்கள்.

அகாத் ஹாஆம் என்ற புனைபெயரில் எழுதியவரைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். அரசு வேண்டும் என்று அவர் அவசரப்படவில்லை. மொழியும் படிப்பும் செழிக்கிற ஒரு மையம் போதும், உலகமெல்லாம் சிதறிக் கிடப்பவர்களுக்கு அதிலிருந்து உயிர் கிடைக்கும் என்றார். 1891இல் பாலஸ்தீனத்தை நேரில் பார்த்துவிட்டு வந்து, அது ஆளில்லாத பூமி இல்லை, அங்கே அரபு மக்கள் உழுது பயிரிட்டு வாழ்கிறார்கள், அவர்களிடம் நம்மவர்கள் நடந்துகொள்கிற விதம் சரியில்லை என்று எழுதினார். ஹெர்சலின் புத்தகம் வருவதற்கு ஐந்து வருஷம் முன்பே எழுதிய எச்சரிக்கை அது.

இவர்களையெல்லாம் வெளியிலிருந்து எதிர்த்தவர்களும் யூதர்களே. 1897 ஆகஸ்டில் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் முதல் சியோனிச மாநாடு கூடியது. அதே வருஷம் அக்டோபரில் வில்னாவில் யூதத் தொழிலாளர்கள் 'பண்ட்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். எங்கே பிறந்தோமோ அங்கேயே, எங்கள் மொழியோடு, உரிமையோடு வாழ்வோம். வேறு நாட்டுக்குப் போவது ஓடிப்போவதாகும் என்பது அவர்கள் கட்சி. நாற்பது சொச்சம் வருஷம் கழித்து அந்தத் தொழிலாளர்கள் குடியிருந்த தெருக்களை ஹிட்லரின் படை காலி செய்தது. 'அப்படியானால் ஹெர்சல் சொன்னதுதான் சரி' என்று பிள்ளைகள் உடனே சொல்வார்கள். 1897இல் உட்கார்ந்திருப்பவனுக்கு 1942 தெரியாது என்று நான் சொல்வேன். இதைப் புரியவைப்பதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமான வேலை. தேதி சொல்லித்தருவது சுலபம். தேதிக்கு முன்னால் நின்றவன் கண்ணால் பார்க்க வைப்பது சுலபமில்லை.

எனக்கு இந்தப் பாடத்தில் ஒட்டுதல் வந்ததற்கு வீட்டுக் காரணமும் உண்டு. நாங்கள் சௌராஷ்டிரர். பட்டு நூலோடு தெற்கே வந்த கூட்டம். வீட்டில் பேசும் மொழிக்குப் பள்ளியில் இடமில்லை, ஊரில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு மொழி இருப்பதே தெரியாது. முன்பெல்லாம் எங்கள் கல்யாணங்களில் 'பௌலா' என்று ஒன்று சொல்வார்கள். எந்த நாட்டிலிருந்து கிளம்பினோம், எந்தெந்த ஊர் வழியாக வந்தோம் என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கேள்வியும் பதிலுமாக ஒப்பிப்பது. மதுரை ராமராய், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி, சௌராஷ்டிர எழுத்தில் பாடப்புத்தகம் அச்சடிக்கப் பாடுபட்டார். ஏறக்குறைய அதே காலத்தில் ஜெருசலேமில் எலியேசர் பென் யெகூதா, வழிபாட்டில் மட்டும் உயிரோடிருந்த எபிரேயத்தை வீட்டுப் பேச்சாக்கியே தீருவேன் என்று பிள்ளையை வளர்த்துக்கொண்டிருந்தார். எங்களில் யாரும் குஜராத்துக்குத் திரும்பி நாடு கேட்கவில்லை. இங்கே யாரும் எங்களை வீடு புகுந்து அடிக்கவும் இல்லை. நினைவு இருந்தால் மட்டும் தேசிய இயக்கம் பிறந்துவிடாது, அடியும் சேர வேண்டும் என்பது அதனால் எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

சரி, வகுப்புக்கு வருகிறேன்.

ஹெர்சலில் ஆரம்பித்தால் எங்கள் பிள்ளைகளுக்கு அது அயலூர்க் கதை. அதனால் நான் மாண்டேகுவில் ஆரம்பிப்பேன். டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறவனைத் தூக்கத்தில் எழுப்பினாலும் மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு, 1919, இரட்டையாட்சி என்று ஒப்பிப்பான். அந்தச் சட்டத்தின்படி நடந்த தேர்தலில் 1920இல் நீதிக்கட்சி சென்னையில் ஆட்சிக்கு வந்தது என்றும் சேர்த்துச் சொல்வான். போர்டில் '20 ஆகஸ்ட் 1917' என்று எழுதி, இது என்ன என்று கேட்பேன். "ஆகஸ்ட் அறிக்கை சார்! இந்தியாவுக்குப் படிப்படியா பொறுப்பாட்சி." பத்துக் குரல் வரும். அதற்குக் கீழே '23 ஆகஸ்ட் 1917' என்று எழுதுவேன். சத்தம் இருக்காது. எந்தக் கைடிலும் அந்தத் தேதி கிடையாது.

அந்த மூன்றாம் நாள் எட்வின் மாண்டேகு, இந்தியாவுக்கான அமைச்சர், பிரிட்டிஷ் அமைச்சரவைக்கு ஒரு குறிப்பு எழுதினார். 'இப்போதைய அரசின் யூத வெறுப்பு' என்பது தலைப்பு. அந்த அரசின் ஒரே யூத அமைச்சர் என்று அதில் தன்னைக் குறிப்பிட்டார். பாலஸ்தீனத்தை யூதர்களின் தேசிய இல்லமாக அறிவிக்கும் யோசனை மேஜையில் இருந்தது. அதைத்தான் யூத வெறுப்பு என்றார். யூதர்கள் ஒரு மதத்தார், தனித் தேசம் அல்ல. நீங்கள் இப்படி அறிவித்த மறுநாளே ஒவ்வொரு நாடும் தன் யூதக் குடிமக்களைப் பார்த்து 'உன் ஊர் அங்கே இருக்கிறதே, கிளம்பு' என்று சொல்லும். பாலஸ்தீனம் உலகத்தின் யூதச் சேரியாகிவிடும் என்பது அவர் வாதம். அக்டோபரில் அமைச்சரவையில் இன்னொன்றும் கேட்டார்: என் தேசிய இல்லம் துருக்கிக்காரன் நிலத்தில் இருக்கிறது என்று உலகத்துக்குச் சொல்லிவிட்டு, பிரிட்டன் சார்பில் இந்தியர்களோடு பேச என்னை எப்படி அனுப்புவீர்கள்?

இந்த இடத்தில் ஒரு பெண் எழுந்தாள். செய்யாறு ஷிப்ட்டுக்காரி, கடைசி வரிசை. "அவரே யூதர்னு சொல்றீங்க. அவங்க ஆளுங்களுக்கு நாடு குடுக்கிறேன்றாங்க. இன்னாத்துக்கு சார் வேணாம்னாரு?"

பதில் சொல்லாமல் அவளிடமே ஒரு கேள்வி கேட்டேன். "நாளைக்கு டெல்லியில ஒருத்தர், உங்க சாதிக்காரங்க எல்லாருக்கும் வேற ஒரு நாட்டுல இடம் வாங்கிட்டோம்னு சொன்னா உனக்கு எப்படி இருக்கும்மா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "நல்ல இடமா சார்?" என்றாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. லண்டனில் பிரபு வீட்டுப் பிள்ளையான மாண்டேகு கேட்காத கேள்வி அது. ஒடெசாவில் கடை எரிந்தவன் கேட்ட கேள்வியே அது. மாண்டேகுவின் வாதம் கூர்மையானது, ஆனால் அது இடம் கிடைத்தவனின் வாதம் என்பதை அந்தப் பெண் ஒரே சொடுக்கில் காட்டிவிட்டாள்.

அடுத்து இன்னொரு தெரிந்த பெயர். வங்கப் பிரிவினைக் கர்சன். 1917இல் அவர் போர்க்கால அமைச்சரவையில் இருந்தார். அக்டோபர் 26ஆம் தேதி அவரும் ஒரு குறிப்பு வைத்தார். அந்த நாட்டில் ஏற்கெனவே இருக்கும் மக்கள் என்ன ஆவார்கள்? அவர்கள் தம் நிலத்தை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு விறகு வெட்டித் தண்ணீர் சுமக்கச் சம்மதிப்பார்களா? கர்சனைத் திட்டியே பழகிய பிள்ளைகளுக்கு இது பெரிய அதிர்ச்சி. ஆனால் ஐந்தாம் நாள் அவரும் ஒத்துக்கொண்டார். அப்போது மாண்டேகு இந்தியாவுக்குப் புறப்பட்டுவிட்டிருந்தார். நவம்பர் 2ஆம் தேதி பால்ஃபர் அறிக்கை கடிதமாகப் போனது. டிசம்பரில் மாண்டேகு சென்னையில் பிராமணரல்லாதார் தூதுக்குழுக்களிடம் மனு வாங்கிக்கொண்டிருந்தார்.

எதிர்ப்பு முழுக்க வீணாகவில்லை. ஜூலையில் எழுதிய வரைவையும் நவம்பரில் வெளிவந்த கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போர்டில் எழுதிக் காட்டுவேன். முதலில் பாலஸ்தீனம் முழுவதையும் தேசிய இல்லமாக்குவது என்று இருந்தது, பிறகு பாலஸ்தீனத்துக்குள் ஒரு தேசிய இல்லம் என்று சுருங்கியது. இரண்டு நிபந்தனைகள் புதிதாக ஏறின: அங்குள்ள யூதரல்லாதாரின் சிவில், மத உரிமைகளுக்குப் பங்கம் வரக்கூடாது, மற்ற நாடுகளில் யூதர்களுக்குள்ள உரிமைக்கும் அரசியல் நிலைக்கும் பங்கம் வரக்கூடாது. கூர்ந்து பார்க்கும் பையன் ஒருவனாவது இங்கே கையைத் தூக்குவான். யூதர்களுக்கு அரசியல் நிலை என்று இருக்கிறது, அங்கே பெரும்பான்மையாக இருந்த அரபு மக்களுக்கு சிவில், மதம் மட்டும்தானா சார்? ஆமாம். பிற்பாடு வந்த சண்டையில் பெரும்பங்கு அந்தக் காலியிடத்தில்தான் இருக்கிறது. ஜெருசலேமின் முன்னாள் மேயர் யூசுப் அல்-காலிதி 1899இலேயே பிரான்ஸின் தலைமை ரப்பி வழியாக ஹெர்சலுக்குக் கடிதம் எழுதியிருந்தார். யூதர்களுக்கு அந்த மண்ணோடு உள்ள பழைய உறவை அவர் மறுக்கவில்லை. இங்கே வேறு மக்கள் வாழ்கிறார்கள், பாலஸ்தீனத்தை நிம்மதியாக விடுங்கள் என்பது அவர் வேண்டுகோள். குடியேற்றத்தால் உங்களுக்கும் செழிப்பு வரும் என்று ஹெர்சல் பதில் போட்டார். 1923இல் ஜபோட்டின்ஸ்கி என்ற சியோனிஸ்ட் தலைவர் அந்தப் பசப்பை உடைத்தார்: எந்த மண்ணின் மக்களும் இதற்கு மனமார இணங்க மாட்டார்கள், எனவே இரும்புச் சுவர் எழுப்பித்தான் காரியம் நடக்கும். நான் அவர் கட்சியில்லை. ஆனாலும் எதிராளிக்கும் மானம் உண்டு என்று ஒத்துக்கொண்டு எழுதியவர் அவர்.

மாண்டேகு கதைக்கு ஒரு வால் உண்டு, அது எங்கள் பக்கத்து ஊர் வரை நீள்கிறது. தமிழ்நாட்டில் கிலாஃபத் கிளர்ச்சியின் மையம் வாணியம்பாடி. இங்கிருந்து வேலூர் போய் பஸ் மாறினால் வந்துவிடும். துருக்கி சுல்தானை அவமதிக்காதே என்று இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய கோரிக்கையை ஆதரித்து, 1922 மார்ச்சில் வைஸ்ராய் ரீடிங்கின் அரசு லண்டனுக்குத் தந்தி அடித்தது. அமைச்சரவையைக் கேட்காமல் அதைப் பத்திரிகைக்குக் கொடுத்தார் மாண்டேகு. பதவி போயிற்று. ரீடிங்கும் யூதர்தான். ஆக, முஸ்லிம்களின் கோரிக்கையை மேலே எடுத்துப் போனவர் ஒரு யூத வைஸ்ராய். அதற்காக நாற்காலியை இழந்தவர் ஒரு யூத அமைச்சர். மாண்டேகுவின் பெரியப்பா சித்தப்பா வழிச் சகோதரர் ஹெர்பர்ட் சாமுவேலோ சியோனிசத்தை ஆதரித்து, பாலஸ்தீனத்தின் முதல் பிரிட்டிஷ் ஹைகமிஷனராக 1920இலிருந்து 1925 வரை ஜெருசலேமில் உட்கார்ந்திருந்தார். 'யூதர்கள் எல்லாரும்', 'முஸ்லிம்கள் எல்லாரும்' என்று ஆரம்பிக்கிற வாட்ஸ்அப் செய்திக்கு இந்த ஒரு குடும்பமே போதும்.

மாண்டேகு இடத்துக்கு வந்தவர் பீல் பிரபு. பாலஸ்தீனத்தை இரண்டாகப் பிரிக்கலாம் என்று 1937இல் முதன்முதலாகப் பரிந்துரைத்த ஆணையத்தின் தலைவரும் அவரே. அந்த ஆணையத்தில் பிரிவினை யோசனையை வலியுறுத்திய பேராசிரியர் ரெஜினால்ட் கூப்லாந்து, 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழுவோடு டெல்லிக்கு வந்தார். ஒரே அலுவலகத்து ஆட்கள் ஒரே அளவுகோலை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்த மாதிரி எனக்குத் தோன்றும்.

பாலஸ்தீனத்தை என்ன செய்வது என்று பார்க்க 1947இல் ஐ.நா. அமைத்த பதினோரு நாட்டுக் குழுவில் இந்தியாவும் இருந்தது. நம் சார்பில் போனவர் லாகூர் உயர் நீதிமன்ற நீதிபதி அப்துர் ரகுமான். ஏழு நாடுகள் பிரிவினை என்றன. இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா மூன்றும் ஒரே கூட்டாட்சி நாடு என்றன. அந்த அறிக்கை தயாரான மாதத்தில்தான் அவருடைய லாகூரே எல்லைக்கு அந்தப் பக்கம் போனது. நவம்பர் 29ஆம் தேதி வாக்கெடுப்பு: ஆதரவு 33, எதிர்ப்பு 13, ஒதுங்கியவை 10. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. 1948 மே 14இல் இஸ்ரேல் பிறந்தது. அதையொட்டி நடந்த போரில் ஏறத்தாழ ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். 1950 செப்டம்பரில் நேரு அரசு இஸ்ரேலை அங்கீகரித்தது. முழுத் தூதரக உறவுக்கு 1992 ஜனவரி வரை ஆயிற்று. இவையெல்லாம் மனப்பாடப் பகுதி, வேகமாகப் போய்விடுவேன்.

காந்தியிடம் மட்டும் நிதானிப்பேன். 1910இல் ஜோஹன்னஸ்பர்க் அருகே சத்தியாகிரகக் குடும்பங்களுக்காக 1,100 ஏக்கர் பண்ணையைக் கொடுத்தவர் ஹெர்மன் காலன்பாக், யூதக் கட்டடக்கலைஞர். அந்த டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. அங்கேதான் காந்தி அரைகுறைத் தமிழில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். அதே 1910இல் பாலஸ்தீனத்தில் டெகானியா என்ற முதல் கிப்புட்ஸ் பண்ணை தொடங்கியது. பிற்காலத்தில் சியோனிஸ்ட் ஆன காலன்பாக்கை, காந்தியிடம் பேசிப் பாருங்கள் என்று சியோனிச அமைப்பான யூத முகமையின் தலைவர்கள் 1937இல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். நண்பரிடம் அன்பு குறையவில்லை, கருத்து மாறவில்லை. 1938 நவம்பர் 26ஆம் தேதி 'ஹரிஜன்' இதழில் காந்தி எழுதினார்: பாலஸ்தீனம் அரபு மக்களுடையது, ஜெர்மனி யூதர்கள் ஜெர்மனியிலேயே நின்று சத்தியாகிரகம் செய்யட்டும். ஜெர்மனியெங்கும் யூதர் கடைகளும் ஜெப ஆலயங்களும் நொறுக்கப்பட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. முதல் பாதியில் காந்தியோடு எனக்குச் சண்டையில்லை. இரண்டாம் பாதியில் உண்டு. தென்னாப்பிரிக்க ஜெயிலும் ஹிட்லரின் முகாமும் ஒன்றல்ல என்று மார்ட்டின் பூபர் 1939இல் எழுதிய பதிலைப் பிள்ளைகளுக்குத் தமிழில் சுருக்கிச் சொல்வேன். பூபர், அரபு மக்களும் யூதர்களும் ஒரே நாட்டில் சமமாக வாழ வேண்டும் என்று நின்ற சியோனிஸ்ட். அப்படியும் ஒரு கட்சி இருந்தது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. 1945இல் இறந்த காலன்பாக்கின் அஸ்தி டெகானியாவில் இருக்கிறது.

கடைசி வகுப்பு கொச்சி. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தில், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லி ஒரு பிரிவினரை உள்ளே சமமாக உட்கார விடாமல் வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவில் பிறந்து சட்டம் படித்து வழக்கறிஞரான ஏ.பி. சேலம், ஆலயப் படியிலேயே உட்கார்ந்து சத்தியாகிரகம் செய்தார். 'யூத காந்தி' என்று பெயர் வந்தது. காங்கிரஸ்காரர், கொச்சி சட்டசபை உறுப்பினர், 1930களில் பாலஸ்தீனம் போய்வந்து சியோனிஸ்டும் ஆனார். ஜெப ஆலயத்திலுமா சாதி என்று எங்கள் பிள்ளைகள் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

கொச்சி யூதர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். இங்கே அவர்களை யாரும் விரட்டவில்லை. ஆனாலும் புதிய நாட்டுக்குப் போக 1950களின் தொடக்கத்திலேயே வீடு வாசலை விற்றுவிட்டுத் தயாராக இருந்தார்கள். இஸ்ரேலின் சுகாதாரத் துறை தடுத்தது. கொச்சியில் யானைக்கால் நோய் உண்டு, அது இஸ்ரேலிலும் பரவிவிடும் என்று பயம். நேரில் போய்ப் பேசி வழி திறக்க வைத்தவர்களில் சேலமும் ஒருவர். 1950களின் நடுவில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தார்கள். நெகேவ் பாலைவனத்து நெவாதிம் போன்ற குடியேற்றங்களில் விவசாயம் தெரியாமல் தொடங்கி, பிறகு பசுமைக்குடிலில் பூ வளர்த்து ஏற்றுமதி செய்தார்கள்.

"சேலம் சாரும் போயிட்டாரா?" என்று அரிசி மில்காரர் மகன் கேட்டான். எங்கள் பிள்ளைகள் எல்லாரையும் 'சார்' போட்டுத்தான் பேசுவார்கள்.

அவர் போகவில்லை. மற்றவர்களை அனுப்பிவிட்டு மட்டாஞ்சேரியிலேயே இருந்து 1967இல் இறந்தார். ஏன் போகவில்லை என்று ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். வயசாகிவிட்டது என்று எழுதினான் ஒருவன். கோர்ட்டும் ஊரும் இங்கேதானே இருக்கிறது என்று ஒருவன். செய்யாறு ஷிப்ட்டுக்காரி மூன்று வரிதான் எழுதியிருந்தாள்: உள்ளே விடாத ஆலயத்தின் படியில் உட்கார்ந்து உரிமை வாங்கியவர் அவர், வாங்கின இடத்தை விட்டுவிட்டுப் போக மனசு வந்திருக்காது. மாண்டேகுவுக்கு எதிராக அன்று பேசியவளும் அவள்தான். இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பாய் என்று கேட்டேன். "போகணும்னா போகவும் வழி வேணும், இருக்கணும்னா இருக்கவும் வழி வேணும் சார். அங்க ஏற்கெனவே இருந்தவங்களுக்கு ரெண்டாவது வழி இல்லாம போச்சே, அதுக்கு இன்னா பண்றது?" என்றாள். அடுத்த வாரம் முழுவதும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் வகுப்பு ஓடியது. இரண்டு பேர் சிலபஸ் முடியவில்லை என்று முணுமுணுத்துவிட்டு வேறு கோச்சிங் சென்டருக்குப் போய்விட்டார்கள்.